பெட்டிக்குள் எலக்ட்ரான்: நடுவில் இருக்கவே முடியாதென்றால் அந்தப் பக்கம் எப்படிப் போகும்?

பேருந்து_இயற்பியல் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஐந்தாம் செமஸ்டரில்தான் குவாண்டம் மெக்கானிக்ஸ் தனித் தாளாக வந்திருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். கல்லூரிக்குப் போக வர பேருந்தில் மட்டும் இரண்டே கால் மணி நேரம் ஆகும். கணக்குகளைப் பெரும்பாலும் அங்கேதான் போட்டுப் பார்ப்பேன்.

பெட்டிக்குள் துகள் கணக்கு, அதாவது தாண்ட முடியாத இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட எலக்ட்ரானின் கணக்கு, எனக்கு நன்றாகவே வரும். எலக்ட்ரானை விவரிக்கும் அலையான அலைச்சார்பு இரண்டு சுவரிலும் சுழியாக, அதாவது பூஜ்ஜியமாக வேண்டும். அதனால் அரை அலைகள் முழு எண்ணிக்கையில்தான் பெட்டிக்குள் பொருந்தும். அதனால் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று போகப் போக ஆற்றல் 1, 4, 9, 16 என்ற விகிதத்தில் ஏறும். மொத்த நிகழ்தகவை 1 ஆக்கும் நார்மலைசேஷனும் தடங்கல் இல்லாமல் போடுவேன். போன வாரம் முதல் இன்டர்னலில் 25க்கு 23 வாங்கினேன்.

அன்று இரவு விடைத்தாளை அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பி எட்டிப் பார்த்தான். இரண்டாம் நிலையின் படத்தைக் காட்டி, "இது என்னக்கா, இரண்டு மேடு?" என்றான். எலக்ட்ரான் எங்கே கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைக் காட்டும் படம் என்றேன். மேடு உயரமாக இருக்கிற இடத்தில் வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னேன். "அப்போ நடுவில்?" நடுவில் கிடைக்கவே கிடைக்காது என்றேன். அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டுக் கேட்டான்: "இடது பக்கமும் இருக்கும், வலது பக்கமும் இருக்கும், நடுவில் மட்டும் இருக்கவே இருக்காதா? அப்புறம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எப்படிப் போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் படத்தை நான் பத்துத் தடவையாவது வரைந்திருப்பேன். ஒரு தடவைகூட இது எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. வகுப்பில் கேட்டேன். "குவாண்டத்தில் பாதை என்பதே கிடையாது, அதை எழுதினால் போதும்" என்று பதில் வந்தது. அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தம்பியிடம் போய் அதைச் சொன்னால், "பாதை இல்லாமல் எப்படிப் போகும்?" என்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பான்.

தேடிப் பார்த்ததில் மூன்று விதமான பதில் கிடைத்தது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது என்கிறார்கள் சிலர். டன்னலிங், அதாவது தாண்ட ஆற்றல் போதாத சுவரையும் ஊடுருவிப் போவது என்கிறார்கள் சிலர். நடுவில் சுவரே இல்லாதபோது டன்னலிங் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சார்பியலைச் சேர்த்தால் நடுவில் சரியாகச் சுழி ஆகாது என்று இன்னொரு இடத்தில் பார்த்தேன். அது கேள்வியைத் தள்ளி வைப்பதுபோல் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த கணிதம் சைன், கொசைன், தொகையீடு, கலப்பெண். ஃபூரியர் தொடர் போன வருடம் படித்தேன். இதை வைத்தே யாராவது விளக்க முடியுமா? தேர்வுக்காகக் கேட்கவில்லை.


எம்எஸ்சி_முதலாண்டு | ஞாயிறு, இரவு 10.15

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன்.

படம் காட்டுவது நிகழ்தகவு அடர்த்தியை. அடர்த்தியை ஒரு அகலத்தால் பெருக்கினால்தான் நிகழ்தகவு கிடைக்கும். ஒரே ஒரு புள்ளிக்கு அகலம் கிடையாது. அதனால் மேட்டின் உச்சிப் புள்ளியிலும் நிகழ்தகவு சுழிதான், நடுப்புள்ளியிலும் சுழிதான். பெட்டி நீளத்தில் நூறில் ஒரு பங்கு அகலத்தை எடுத்துத் தொகையீடு போட்டுப் பாருங்கள். உச்சியைச் சுற்றி அந்த அகலத்தில் ஏறத்தாழ 2 சதவீதம் வரும். நடுவைச் சுற்றி அதே அகலத்தில் பத்து லட்சத்தில் 7 பங்குதான் வரும். மிகச் சிறியது, ஆனால் சுழி இல்லை. நடுவில் பூட்டிய கதவு மாதிரி எதுவும் இல்லை என்று தம்பியிடம் சொல்லலாம்.


ஓய்வு_வாத்தியார் | திங்கள், காலை 5.50

அம்மா, முதலில் உங்கள் தம்பியிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். 34 வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன், அதில் பதினேழு வருடம் இந்தத் தாள். ஓரிரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும். ஆரம்ப வருடங்களில் நானும் "பாதை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் பலகையை அழித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் பட்ட கடன் அது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

மேலே எம்எஸ்சி_முதலாண்டு சொன்னது சரியான கணக்கு. ஆனால் பையன் கேட்டது அதை இல்லை. பத்து லட்சத்தில் 7 என்றாலும் அவன் விடமாட்டான். "அவ்வளவு அபூர்வமாக நடுவில் கிடைக்கிறது என்றால் அந்த இடத்தை மட்டும் அவ்வளவு வேகமாகக் கடக்கிறதா?" என்று கேட்பான். ஆக, வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவன் வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். "இந்தப் பக்கத்திலிருந்து" என்கிறான். எலக்ட்ரான் இந்தப் பக்கத்தில் இருந்தது என்று அவனுக்கு யார் சொன்னது? இரண்டாம் நிலையில் இருக்கிறது என்று சொன்னால், அதன் ஆற்றல் சரியாக நான்கு பங்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். இடது பக்கம் இருந்ததாக நாம் சொல்லவே இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை. கேள்வியின் முதல் பாதியிலேயே, நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டுவிட்டோம்.

இன்னொன்று. நோட்டில் நீங்கள் வரைந்தது அலைச்சார்பின் வர்க்கத்தை. வர்க்கம் எடுத்தால் குறி போய்விடும். அலைச்சார்பையே வரைந்து பாருங்கள். இடது மேடு கோட்டுக்கு மேலே, வலது மேடு கோட்டுக்குக் கீழே. இரண்டும் தனித்தனி மேடுகள் இல்லை. நடுவில் கோட்டைக் கடந்து போகிற ஒரே அலை அது. அந்த சைனைக் கலப்பெண்ணில் எழுதினால், வலப்பக்கம் ஓடும் அலையும் இடப்பக்கம் ஓடும் அலையும் சம பங்கில் இருப்பது தெரியும். இரண்டும் நடுவையும் தாண்டிப் பெட்டி முழுக்கப் பரவியிருக்கின்றன. நடுவில் மட்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. வீணைத் தந்தியின் சரிபாதியை விரலால் லேசாகத் தொட்டபடி மீட்டினால் மேல் ஸ்தாயி கேட்கும். விரல் பட்ட இடம் அசையாது, இரண்டு பக்கமும் அதிரும். அசைவு அந்தப் பக்கம் எப்படிப் போயிற்று என்று யாரும் குழம்புவதில்லை.

வீணையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. தந்தியின் ஆட்டம் கண்ணால் பார்க்கக்கூடியது. அலைச்சார்பு அப்படி இல்லை. முதலில் கூட்டு, பிறகு வர்க்கம் எடு, அப்போதுதான் நிகழ்தகவு வரும். இந்த வர்க்க விதியை 1926இல் மாக்ஸ் போர்ன் தந்தார். அவரே முதலில் அலைச்சார்பையே நிகழ்தகவோடு சேர்த்து எழுதிவிட்டு, அச்சுக்குப் போகும் நேரத்தில் அடிக்குறிப்பாகத்தான் வர்க்கத்தைச் சேர்த்தார். 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த விளக்கத்துக்காக. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் வரும் விஷயம். அதைக் கண்டுபிடித்தவருக்கே ஒரு நொடி தயக்கம் இருந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன்.

சரி, இப்போது பையன் கேட்டதை உண்மையிலேயே செய்து பார்ப்போம். இரண்டாம் நிலையில் உள்ள எலக்ட்ரானை எடுத்துக்கொண்டு, இடது பாதியில் இருக்கிறதா, வலது பாதியில் இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கிறோம். இடது என்று விடை வருகிறது. இப்போதுதான் "இந்தப் பக்கம்" என்று சொல்ல நமக்கு உரிமை வந்தது. ஆனால் அந்த நொடியிலேயே அது இரண்டாம் நிலையில் இல்லை. அலைச்சார்பில் இடது மேடு மட்டும் மிஞ்சியிருக்கிறது, இரண்டின் வர்க்கமூலத்தால் உயர்ந்து. வலது பாதியில் சுழி.

இந்தப் புதிய அலைச்சார்பை உங்கள் பழைய நிலைகளின் கூட்டாக எழுதுங்கள். நீங்கள் படித்த ஃபூரியர் தொடரே போதும். நான் விடையை மட்டும் சொல்கிறேன், தொகையீட்டைப் பேருந்தில் போடுங்கள். ஆற்றலை அளந்தால் முதல் நிலை கிடைக்க 36 சதவீதம், இரண்டாம் நிலை 50, மூன்றாம் நிலை 13, மேலே உள்ளவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1. சராசரி ஆற்றல் என்ன என்று பாருங்கள். அதே நான்கு பங்குதான். ஏனென்றால் அந்த ஒற்றை மேடு, பாதி நீளமுள்ள ஒரு பெட்டியின் முதல் நிலை. நீளம் பாதியானால் ஆற்றல் நான்கு மடங்கு. நடுவில் ஏற்கெனவே சுழி இருந்ததால்தான் இவ்வளவு பதமாக வெட்ட முடிந்தது. மேட்டின் உச்சியில் வெட்டியிருந்தால் செங்குத்துச் சரிவு வந்து சராசரி ஆற்றல் எல்லையில்லாமல் போயிருக்கும்.

இனி நேரத்தை ஓட விடுங்கள். ஒவ்வொரு நிலையின் கட்டமும் (phase, அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பது) அதன் ஆற்றலுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும்: 1, 4, 9 என்ற விகிதத்தில். ஒரே நிலை மட்டும் இருந்தபோது மொத்தமும் ஒன்றாகச் சுற்றியது, அதனால் படம் அசையவில்லை. இப்போது பல நிலைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. நடுவில் இருந்த அழிவு நிலைக்காது. எலக்ட்ரான் நடு வழியாகவே அந்தப் பக்கம் பாயும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பெட்டி 1 நானோமீட்டர். அதில் எலக்ட்ரானின் முதல் நிலை ஆற்றல் 0.376 எலக்ட்ரான் வோல்ட். இடது பாதியில் கண்ட எலக்ட்ரான் எவ்வளவு நேரத்தில் முழுக்க முழுக்க வலது பாதிக்குப் போய்ச் சேரும்? தோராயம் வேண்டாம், சரியான விடை இருக்கிறது. ஒற்றைப்படை நிலைகள் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி. இரட்டைப்படை நிலைகள் குறி மாறும். இந்தக் குறிப்பு போதும்.


பேருந்து_இயற்பியல் | திங்கள், இரவு 8.25

சார், மிக்க நன்றி. காலையில் பேருந்தில் இரண்டு தடவை, மதியம் ஒரு தடவை படித்தேன். "யார் சொன்னது இந்தப் பக்கம் இருந்ததென்று" என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

36 சதவீதம் எனக்கும் வந்தது. 32ஐ, பை (π) வர்க்கத்தின் 9 மடங்கால் வகுத்தால் 0.360. மூன்றாம் நிலைக்கு 0.130. வீட்டுப்பாடத்தை நாளை போடுகிறேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். பார்த்ததால் நிலை மாறிவிட்டது என்பதைக் கணக்காக ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. நமக்குத் தெரியவந்தது மட்டும்தானே மாறியது, எலக்ட்ரானுக்கு என்ன ஆயிற்று என்று தோன்றுகிறது. அப்புறம், இப்படி ஒரு பெட்டி உலகத்தில் எங்காவது இருக்கிறதா, அல்லது தேர்வுக்காக மட்டுமா? எங்கள் பாடத்தில் முதல் நான்கு வாரம் நீல்ஸ் போர் (Bohr) சொன்ன எலக்ட்ரான் வட்டப்பாதைகள், பிறகு திடீரென்று அலைச்சார்பைத் தரும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு, உடனே இந்தப் பெட்டி. எதற்கு எது என்று தொடர்பே தெரிவதில்லை.


சிறுபுள்ளி | திங்கள், இரவு 11.05

தங்கச்சி, பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். என் முனைவர் பட்ட வேலையே அந்தப் பெட்டிகளோடுதான்.

காட்மியம் செலினைடு என்ற குறைகடத்தியைச் சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துளிகளாக வளர்க்கிறோம். அதற்குக் குவாண்டம் புள்ளி என்று பெயர். சூடான கரைசலில் வளரும்போது குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தனித்தனிக் குப்பிகளில் வைப்போம். எல்லாம் ஒரே பொருள், ஒரே வேதியியல். புறஊதா விளக்கைப் போட்டால் முதலில் எடுத்த குப்பி நீலமாக, பிறகு பச்சை, மஞ்சள், கடைசியில் எடுத்தது சிவப்பாக ஒளிரும். ஏறத்தாழ 2 நானோமீட்டர் புள்ளி நீலம், 6 நானோமீட்டர் புள்ளி சிவப்பு. வளர வளர நிறம் இறங்குகிறது. நீளத்தின் வர்க்கம் வகுக்கும் இடத்தில் இருப்பதுதான் இதற்குக் காரணம், நீங்கள் இன்டர்னலில் எழுதிய அதே வாய்பாடு. பெட்டி சிறியதானால் ஆற்றல் ஏறும், நிறம் நீலத்தை நோக்கிப் போகும்.

உங்கள் வாய்பாட்டை அப்படியே போட்டால் எண் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிகத்துக்குள் எலக்ட்ரான் தன் நிறையில் எட்டில் ஒரு பங்கு மாதிரி நடந்துகொள்ளும். பெட்டி மூன்று பரிமாணம், கோள வடிவம். எலக்ட்ரான் விட்டுச்சென்ற துளையையும் சேர்க்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள மின்கவர்ச்சியையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பொருளுக்கென்றே உள்ள ஆற்றல் இடைவெளி அடியில் இருக்கிறது. ஆனால் நிறம் ஏன் மாறுகிறது என்பதற்கு முதல் காரணம் உங்கள் பெட்டிதான். 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் இந்தப் புள்ளிகளுக்காகக் கிடைத்தது.

முதல் தடவை என் கையால் அந்தக் குப்பிகளை வரிசையாக வைத்து விளக்கைப் போட்ட இரவு, இளங்கலையில் மனப்பாடம் செய்த வாய்பாடு கண்முன் நிறமாக நின்றது. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.


ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், காலை 6.10

குப்பிகளைப் பற்றிப் படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் நடத்திய காலத்தில் இதைக் காட்ட முடியவில்லை.

அம்மா, உங்கள் முதல் சந்தேகத்துக்குச் சொல்லால் பதில் சொல்வதைவிட ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் போலராய்டு தகடுகள் இருக்கும், இரண்டைக் கேட்டு வாங்குங்கள். எல்.சி.டி. திரையுள்ள லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அந்தத் திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரு திசையில் தளவிளைவு பெற்றது, அதாவது அதன் அதிர்வு ஒரே திசையில் மட்டும் இருக்கும். ஒரு தகட்டைத் திரைக்கு முன் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் ஒரு கோணத்தில் முழுக்க இருண்டுவிடும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, இரண்டாவது தகட்டைத் திரைக்கும் முதல் தகட்டுக்கும் நடுவில் 45 பாகை சாய்த்து நுழையுங்கள். இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம் வரும். தகடுகள் குறையே இல்லாதவை என்றால், திரையிலிருந்து வரும் ஒளியில் நான்கில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து சேரும்.

ஒளியைத் தடுக்கும் பொருளை ஒன்று கூடுதலாக வைத்தோம், வெளிச்சம் கூடியது. நடுத்தகடு, வருகிற ஒவ்வொரு ஒளித்துகளிடமும் "45 பாகையா, இல்லையா" என்று கேட்கிறது. ஆம் என்று கடந்தவை இனிப் பழைய திசையில் இல்லை, 45 பாகையில் இருக்கின்றன. கடைசித் தகடு அவற்றில் பாதியை விடுகிறது. நமக்குத் தெரியவந்தது மட்டும்தான் மாறியது என்றால் இருட்டில் வெளிச்சம் வந்திருக்காது. உங்கள் பெட்டியில் "இடதா, வலதா" என்று கேட்டதும் இந்த நடுத்தகடு போன்றதுதான்.

வட்டப்பாதையிலிருந்து ஷ்ரோடிங்கருக்குத் தாவுவது பற்றிக் கேட்டீர்கள். அந்தத் தாவலில் தடுமாறியவர்களில் நம் ஊர் மாணவர் ஒருவரும் உண்டு. 1928இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் வானியற்பியலாளரான சுப்பிரமணியன் சந்திரசேகர், ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டின் புத்தகத்தைத் தானே படித்துப் பழைய குவாண்டம் கொள்கையைக் கற்றிருந்தார். அந்த வருடம் சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தார். இவர் அவரைப் போய்ப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் இப்போது மாறிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் மற்றவர்களும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அத்தோடு, உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றி எழுதி இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் பிடித்துக்கொண்டு, எலக்ட்ரான் கூட்டங்களுக்கான புதிய குவாண்டம் புள்ளியியலைக் கற்றார். அடுத்த வருடமே அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. வெள்ளைக் குறு விண்மீன்கள் (white dwarfs) பற்றி அவர் பிறகு செய்த வேலைக்கு அந்தப் புள்ளியியல்தான் அடித்தளம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் பாடத்திட்டத்தின் முதல் நான்கு வாரமும் அடுத்த வாரமும் வரலாற்றில் அப்படியே அறுந்து கிடப்பவை. 1913இன் போர் வட்டப்பாதையில் எலக்ட்ரான் ஓடிக்கொண்டிருக்கும். 1925, 26க்குப் பிறகு அந்த ஓட்டம் கிடையாது. பாடம் நடத்துகிறவர் அந்த அறுப்பைக் காட்டவில்லை என்றால், மாணவர் மனதில் எலக்ட்ரான் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் தம்பியின் கேள்வியும் அந்த ஓட்டத்திலிருந்துதான் வருகிறது.


பேருந்து_இயற்பியல் | புதன், இரவு 9.15

சார், விடை வந்துவிட்டது. சரிதானா பாருங்கள்.

முதல் நிலையின் கட்டம் சரியாக அரைச் சுற்றுச் சுற்றும் நேரத்தை எடுத்துக்கொண்டேன். அதே நேரத்தில் இரண்டாம் நிலை நான்கு அரைச் சுற்று, அதாவது இரண்டு முழுச் சுற்று. மூன்றாம் நிலை ஒன்பது அரைச் சுற்று, அதாவது நாலரைச் சுற்று. ஆக ஒற்றைப்படை நிலைகள் எல்லாம் குறி மாறும், இரட்டைப்படை எல்லாம் மாறாது. ஒற்றைப்படை நிலைகள் நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி, இரட்டைப்படை குறி மாறுபவை என்று நீங்கள் சொன்னதோடு சேர்த்தால், மொத்த அலைச்சார்பும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடுகிறது. முன்னால் ஒரு கழித்தல் குறி மட்டும் வருகிறது. வர்க்கத்தில் அது போய்விடும். இடது மேடு அப்படியே வலது மேடு.

நேரம்: பிளாங்க் மாறிலியை முதல் நிலை ஆற்றலின் இரு மடங்கால் வகுத்தால் 5.5 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஐந்தரைப் பங்கு. தம்பியிடம் "ஐந்தரை ஃபெம்டோ வினாடியில் போகும், நடு வழியாகத்தான் போகும்" என்றேன். "திரும்பி வருமா?" என்றான். 11 ஃபெம்டோ வினாடியில் திரும்ப இடது பக்கமே வந்துவிடும் என்று கணக்கைக் காட்டினேன்.

போலராய்டு சோதனையையும் செய்தோம். ஆய்வக உதவியாளர் அண்ணா இரண்டு தகடுகளைக் கொடுத்தார். மதிய இடைவேளையில் வகுப்பில் இருந்த பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு தடவை நடுத்தகட்டை நுழைத்துப் பார்த்தோம். எங்கள் ஆசிரியரும் வந்து பார்த்தார். அடுத்த வாரம் இதை வகுப்பிலேயே செய்யலாம் என்றார்.


சிறுபுள்ளி | புதன், இரவு 10.30

கணக்கு சரி, தங்கச்சி. எனக்கு இதில் மிகவும் பிடித்த ஒரு இடம் இருக்கிறது. அதையும் போட்டுப் பாருங்கள். பாதி வழியில், அதாவது 2.75 ஃபெம்டோ வினாடியில் வர்க்கம் எப்படி இருக்கும்?


பேருந்து_இயற்பியல் | வியாழன், காலை 8.50

அக்கா, இதைப் பேருந்திலிருந்தே எழுதுகிறேன். மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

2.75இல் ஒற்றைப்படை நிலைகள் கால் சுற்றுச் சுற்றி நிற்கின்றன, இரட்டைப்படை நிலைகள் பழைய இடத்தில். வர்க்கம் எடுத்தால் இடது பாதியில் ஒரு மேடு, வலது பாதியில் அதே அளவு இன்னொரு மேடு, நடுவில் சுழி. என் நோட்டில் இருந்த இரண்டாம் நிலையின் படமேதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை! ஆனால் இது இரண்டாம் நிலை இல்லை. அங்கே இரண்டு மேட்டுக்கும் நடுவே அரைச் சுற்று வித்தியாசம், அதனால்தான் குறி மாறியது. இங்கே கால் சுற்றுதான் வித்தியாசம்.

நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் வரைந்தேன். வர்க்கப் படத்துக்குக் கீழே ஒவ்வொரு மேட்டின் கட்டத்தையும் சிறு அம்புக்குறியாகப் போட்டேன். இனி எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் போடப்போகிறேன். தம்பி நேற்று இரவே கேட்டுவிட்டான்: "இரண்டு படமும் ஒன்றாகவே இருந்தால் எது எது என்று எப்படித் தெரியும்?" இரண்டையும் தொடாமல் இன்னும் 2.75 ஃபெம்டோ வினாடி விட்டு வைத்தால், ஒன்று அப்படியே இரண்டு மேடாக இருக்கும், மற்றது முழுக்க வலது பக்கம் போயிருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பென்சிலை வாங்கி மூன்றாம் நிலையில் எத்தனை மேடு என்று வரைய ஆரம்பித்தான்.